மருந்து தெளித்தும் ஊதாவாகும் மொட்டு: மதுரை மல்லித் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம் பக்கமும் திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கமும் கோடையில் குண்டுமல்லித் தோட்டத்துக்குள் இறங்கினால், ஆண்டுக்கு ஆண்டு ஒரே நிலையைப் பல இடங்களில் பார்க்க முடிகிறது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த நிலையைத்தான். நான்கைந்து வயதான செடிகள், செடிக்குச் செடி 1.25 மீட்டர், ஏக்கருக்கு ஏறக்குறைய 2,560 செடி, வாய்க்கால் பாசனம். வாரம் ஒருமுறை விசைத்தெளிப்பானில் மருந்து. இவ்வளவுக்கும் பிறகு சந்தைக்குப் போகவேண்டிய வெள்ளை மொட்டில் ஒரு பங்கு ஊதாவாகவும் பழுப்பாகவும் மாறித் தரையில் கிடக்கும். கொத்தில் எஞ்சி நிற்கும் மொட்டுகள் ஒன்றோடொன்று மெல்லிய நூலால் பின்னப்பட்டிருக்கும். சில மொட்டுகள் குட்டையாக நின்று, அடிப்பகுதி மட்டும் பருத்திருக்கும். இலையோ வெளிறி, கிட்டப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் வெண்புள்ளிகள்.

உரக்கடையில் சொன்னால் அடுத்த மருந்து வரும். அது முடிந்தால் அதற்கடுத்தது. தோட்டக்காரர் கையில் இருப்பது மருந்தின் பெயர்கள்தான். மொட்டுக்குள் இருப்பது எது என்ற விவரம் இல்லை. இந்தத் தோட்டத்தின் சிக்கல் முழுவதும் அந்த இடத்திலிருந்து கிளைத்தது.

பிளந்து பார்த்தல்

ஊதா மொட்டு ஒரு அறிகுறி மட்டுமே. குறைந்தது இரண்டு பூச்சிகள் அதே நிறத்தைக் கொண்டுவரும். இரண்டின் வாழ்க்கையும் வேறு, அடங்கும் வழியும் வேறு. ஆகவே முதல் வேலை, தோட்டத்தின் குறுக்கே நடந்து 20 செடிகளில் செடிக்கு 5 என்று 100 மொட்டுகளைப் பறிப்பது. வரப்போரச் செடிகளை மட்டும் எடுத்தால் கணக்கு தவறும்; நடுப்பாத்தியிலிருந்தும் எடுக்கவேண்டும். முற்றிய மொட்டைவிடச் சிறிய, நடுத்தர மொட்டே தேவை, ஏனென்றால் தாக்குதல் தொடங்குவது அங்கேதான். நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் ஒன்றின் மேல் வைத்து, ஊசியாலோ பிளேடாலோ நீளவாக்கில் பிளந்து பார்க்கவேண்டும்.

மொட்டின் பக்கவாட்டில் வட்டமான துளை, துளையின் வாயில் கழிவுத் துகள், உள்ளே பச்சை நிற உடலும் கருந்தலையும் கொண்ட ஒரு புழு: இது மொட்டுப்புழு. இதன் அறிவியல் பெயர் ஹெண்டிகாசிஸ் டூப்ளிஃபாசியாலிஸ். தாய், கருப்பு அலைக்கோடுகள் கொண்ட சின்ன வெள்ளை அந்துப்பூச்சி. புழு ஒரு மொட்டின் உள்ளிதழ்களைத் தின்று தீர்த்துவிட்டு அடுத்த மொட்டுக்குப் போகும். போகும் வழியில் நூலால் கொத்தைப் பின்னிவிடும். அதனால் சேதம் கொத்துக் கொத்தாகத் தெரியும்.

துளையே இல்லை, அடிப்பகுதி பருத்திருக்கிறது, பிளந்தால் கண்ணுக்குச் சட்டென்று படாத அளவில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறப் புழுக்கள் பல சேர்ந்து நெளிகின்றன என்றால் அது மொட்டு ஈ. கொன்டாரினியா மாகுலிபென்னிஸ் என்பது இதன் பெயர். வளர்ந்த ஈ கொசுவைப்போல் மெலிந்தது, 2 மில்லிமீட்டர் அளவுதான். தோட்டத்தில் நின்று பார்த்தாலும் எளிதில் புலப்படாது. இளமொட்டின் நுனியில் உள்ள இடுக்கில் முட்டைகளைச் செருகிவிடும். ஒருநாளுக்குள் புழு பொரித்து உள்ளே இறங்கிவிடும், பிறகு ஒரு வாரம்போல மொட்டின் உள்ளேதான் வாழ்க்கை. முற்றியதும் புழு உடலை வில்லாக வளைத்துத் துள்ளி வெளியேறி மண்ணில் விழும். மேல்மண்ணில் கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஈயாகி எழும். முட்டையிலிருந்து ஈ வரை ஏறத்தாழ நான்கு வாரம்.

இந்த ஈ மல்லியை மட்டும் தேடுவதில்லை. ஹவாய்த் தீவுகளில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் பண்ணைகளுக்குப் பெரிய தொல்லை இதுதான். அங்கே மாலை கட்டுவதற்காக வளர்க்கும் குண்டுமல்லியையும் இதுவே தாக்குகிறது; அந்த ஊர்க்காரர்கள் நம் குண்டுமல்லியைப் பிகாக்கே என்பார்கள். செம்பருத்தி, கத்தரி, தக்காளி, பாகல் ஆகியவற்றின் மொட்டிலும் இது வளரும். ஆகவே மல்லித் தோட்டத்தின் வரப்பில் செம்பருத்தி வேலியும் ஊடே கத்தரியும் இருந்தால், மல்லியில் குறைத்ததை அவை திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கும்.

பிளந்து பார்த்தும் உறுதி வரவில்லையென்றால், ஊதா மொட்டுகளை இரண்டு கைப்பிடி எடுத்து நிறமில்லாத பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி நிழலில் வைக்கவேண்டும். மொட்டு ஈயாக இருந்தால் மறுநாளைக்குள் புழுக்கள் வெளியேறிப் பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு துள்ளுவதைப் பார்க்கலாம். பார்த்தவர் அதற்குப்பின் உதிர்ந்த மொட்டைத் தரையில் விட்டுவைக்க மாட்டார்.

பிச்சி அல்லது ஜாதிமல்லி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்தப் பூவின் மொட்டு வெளிப்பக்கத்தில் இயல்பாகவே இளஞ்சிவப்பாக இருக்கும். அதைச் சேதம் என்று எண்ணி மருந்து தெளித்தவர்கள் உண்டு.

மருந்து ஏன் பலிக்கவில்லை

நூறு மொட்டைப் பிளந்து எழுதி வைத்துக்கொண்டால், வாரா வாரம் தெளித்தது ஏன் வீணாயிற்று என்பதும் விளங்கத் தொடங்கும். மொட்டு ஈயின் வாழ்நாளில் வெளியே தெரியும் பருவம் சில நாள் மட்டுமே. மீதிக் காலம் மூடிய மொட்டுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கழிகிறது. இலைமேல் தெளித்த தொடுநச்சு இரண்டு இடத்துக்கும் போய்ச்சேராது. காலை எட்டு மணிக்குத் தெளிக்கும் மருந்து, அந்தி நேரத்தில் நடமாடும் ஈயையும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சியையும் நேரடியாகச் சந்திப்பதே இல்லை.

மருந்தின் வகை அடுத்த காரணம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் போன்ற நுண்ணுயிர் மருந்து மொட்டுப்புழுவுக்கு நல்லது, ஆனால் புழு துளைத்து உள்ளே போவதற்குமுன் அதைத் தின்றாகவேண்டும். கடைகளில் கிடைக்கும் வழக்கமான வகை அந்துப்பூச்சிப் புழுவுக்கு மட்டுமே. ஈயின் புழுவை ஒன்றும் செய்யாது. எந்தப் பூச்சி என்று தெரியாமல் தெளித்தவர் அதைப் பயனற்ற மருந்து என்று ஒதுக்கிவிட்டு, செயற்கைப் பைரித்ராய்டுகளுக்குத் தாவுகிறார்: சைபர்மெத்ரின், லாம்டா சைகலோத்ரின் போன்றவை. இவை இரண்டு வாரம் தோட்டத்தை அமைதியாக்கியதுபோல் காட்டும். பிறகு இலையில் வெண்புள்ளி விழும்.

அந்த வெண்புள்ளி சிவப்பு சிலந்திப்பேனின் வேலை. இலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சும். இலை வெளிறி, பழுத்து, மெல்லிய வலை படரும். இந்தப் பேனைத் தின்று அடக்கி வைத்திருந்த இரைவிழுங்கிப் பேன்களையும் சிறு வண்டுகளையும் பைரித்ராய்டு முதலில் கொன்றுவிடுகிறது. சிலந்திப்பேன் தப்பிவிடுகிறது, கோடை வெயிலும் புழுதியும் சேர்ந்தால் பல மடங்காகப் பெருகுகிறது. ஆக, இந்தத் தோட்டத்தில் சிலந்திப்பேன் தானாக வந்த பூச்சி என்று சொல்வதற்கில்லை. மொட்டுக்காக அடித்த மருந்தே அதை வளர்த்தது.

மூன்றாவது காரணம் சந்தையில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும் மல்லி, கோடையில் பூ குவியும்போது பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் தோட்டத்தைப் பறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கூலிக் கணக்கில் அது நியாயம். பூச்சியின் கணக்கில், பறிக்காமல் விட்ட ஒவ்வொரு வாரமும் புழு மொட்டுக்குள் முழுதாக வளர்ந்து மண்ணில் விழ வழி செய்து கொடுத்த வாரம். விலை ஏறி மறுபடி பறிக்க இறங்கும்போது ஊதா மொட்டு இரட்டிப்பாகியிருப்பதன் காரணம் இதுதான். விற்கப் பறிக்காவிட்டாலும், ஊதா மொட்டை மட்டுமாவது உருவி எடுக்க இரண்டு ஆளை விடவேண்டும்.

மஞ்சள் இலையைப் பிரித்தறிதல்

இதே தோட்டத்தில் இலை மஞ்சளாவதை எல்லாரும் ஒரே நோயாகப் பேசுவார்கள். நான்கு காரணங்கள் கலந்து நிற்கும், கையால் தொட்டே பிரிக்கலாம்.

கொழுந்து இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்புக் கிணற்று நீரிலும் இது சாதாரணம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளிக்கவேண்டும், கொழுந்து பச்சையாகும்வரை மாதம் ஒருமுறை. கரைசல் பழுப்பாக மாறிவிட்டால் பயனில்லை. கரைத்தவுடன் தெளிக்கவேண்டும், சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சற்று நேரம் தாங்கும்.

இலை முழுவதும் புள்ளி புள்ளியாக வெளிறி அடியில் வலை இருந்தால் முன்சொன்ன சிலந்திப்பேன். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் தெளித்ததாகவே கொள்ளக்கூடாது. கொளுத்தும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கும், அதனால் வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்கவேண்டும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தாலும் இலை கருகும்.

பாத்தியில் திட்டுத் திட்டாகச் செடி குன்றி, தண்ணீர் இருந்தும் மதியத்தில் வாடினால் ஒரு செடியின் ஓரத்தைத் தோண்டி இளவேரைக் கழுவிப் பார்க்கவேண்டும். முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. துலுக்கச் சாமந்தியை ஊடுபயிராக விட்டால் நூற்புழு குறையும், வேப்பம்புண்ணாக்கும் குறைக்கும். முழுக்க ஒழிக்க வழியில்லை.

நான்காவது அவசரமானது. கிளை கீழிருந்து மஞ்சளாகி ஒரே வாரத்தில் செடி முழுவதும் காய்ந்தால் தூரைக் கிளறவேண்டும். வெள்ளைப் பூசண இழையும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் ஸ்கிளிரோஷியம் வேரழுகல். அந்த உருண்டைகள்தான் பூசணத்தின் வித்து; ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்கும். காய்ந்த செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்து எரித்துவிட்டு, குழியிலும் சுற்றியுள்ள நல்ல செடிகளின் தூரிலும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண் நனைய ஊற்றவேண்டும். அந்தக் குழி வழியாக அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஓடவிட்டால் நோயைக் கையால் எடுத்துக் கொடுத்தமாதிரி ஆகும்.

முதல் நாற்பது நாள்

திருத்தம் மருந்துக்கடையில் தொடங்கவில்லை, தரையில் தொடங்குகிறது. முதல் நாள் உதிர்ந்த மொட்டும் சருகும் முழுவதும் கூட்டி எடுக்கவேண்டும். செடியிலுள்ள ஊதா மொட்டையும் பின்னிய கொத்தையும் உருவவேண்டும். பறிப்பவர் இடுப்பில் நல்ல பூவுக்கு ஒரு மடி, கெட்ட மொட்டுக்கு ஒரு பை என்று கட்டிக்கொண்டால் தனி ஆள் தேவையில்லை. சேர்ந்ததை வரப்பில் கொட்டக்கூடாது, எருக்குழியில் போடக்கூடாது. தடித்த பாலித்தீன் பையில் திணித்து இறுகக் கட்டி ஒரு வாரம் முழு வெயிலில் கிடத்தினால் உள்ளிருப்பவை வெந்து சாகும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்தாலும் பலன் பாதிதான்.

அடுத்தது மண். செடியைச் சுற்றி மேல்மண்ணை ஒன்றிரண்டு அங்குல ஆழத்துக்குக் களைக்கொத்தால் கிளறிவிடவேண்டும். ஆழமாகப் போனால் மேலோட்ட வேர் அறுபடும். கூட்டுப்புழு வெயிலுக்கும் எறும்புக்கும் பறவைக்கும் வெளிப்படும். செடிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூளை அந்தக் கிளறலில் கலந்துவிடலாம், ஏக்கருக்கு சுமார் 250 கிலோ ஆகும். ஈயின் சுற்று நான்கு வாரம் என்பதால் ஒருமுறை கிளறி நிறுத்தினால் போதாது. பத்து நாளுக்கு ஒருமுறையாக நான்கு தடவை கிளறவேண்டும். நாற்பது நாள் என்ற கணக்கு இதிலிருந்துதான் வருகிறது.

தண்ணீரும் மாறவேண்டும். வாய்க்கால் பாசனத்தில் பாத்தி முழுவதும் ஈரமாக இருப்பது கூட்டுப்புழு காயாமல் காக்கிறது. சொட்டுநீருக்கு மாறினால் இடைவெளி மண் உலர்ந்து கிடக்கும், தெளிப்பதற்கும் பறிப்பதற்கும் சேறில்லாத தடமும் கிடைக்கும். வசதியுள்ளவர்கள் வரிசைக்கடியில் நிலப்போர்வைத் தாள் விரிக்கலாம். விழுகிற புழு மண்ணை எட்டாது. ஆனால் தாளின் மேல் உதிர்ந்த மொட்டு குவிந்து கிடந்தால் அந்தக் குவியலுக்குள்ளேயே கூடுகட்டிவிடும். தாள் விரித்தபின்னும் கூட்டுவது நிற்கக்கூடாது.

தெளிப்பில் முதலிடம் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு. தரமாகச் செய்தால் இது முட்டையிட வரும் ஈயையும் அந்தையும் விலக்கும், இளம் புழுவின் தோலுரிப்பைக் குலைக்கும். நிழலில் உலர்த்தி மூன்று மாதத்துக்குமேல் எட்டு மாதத்துக்குள் ஆன கொட்டை வேண்டும். பூஞ்சை பிடித்து உள்ளே கறுத்த பருப்பு உதவாது. ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்கவேண்டும். காலையில் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்பு 200 கிராம் கரைத்துச் சேர்க்கவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் மல்லி இலையில் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். அன்றைய கரைசல் அன்றே தீரவேண்டும். வெயில் இதை விரைவில் சிதைப்பதால் மாலையில் தெளிப்பதுதான் சரி. நன்கு வளர்ந்த ஏக்கருக்கு 200 லிட்டர் பிடிக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை, மண் கிளறும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

நூறு மொட்டுக் கணக்கில் துளைபோட்ட மொட்டே அதிகம் என்றால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் லிட்டருக்கு 2 கிராம், மொட்டு விடத் தொடங்கும்போதே. அந்துப்பூச்சியை இழுக்க விளக்குப்பொறி வைக்கலாம். அதிலே விழும் எண்ணிக்கை ஏறினால் அடுத்த வாரம் புழு வரும் என்ற முன்னறிவிப்பும் கிடைக்கும். இத்தனைக்கும் அடங்காமல் போனால் தையாகுளோப்ரிட் 240 எஸ்.சி. லிட்டருக்கு 1 மி.லி. என்ற அளவில் ஒருமுறை தெளிப்பது வழக்கம். அடுத்தமுறை தேவைப்பட்டால் வேறு வகை மருந்துக்கு மாறவேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிவிடும். வாங்குமுன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நடப்பிலுள்ள அனுமதியைக் கேட்டுக்கொள்வது கட்டாயம். பழைய கையேடுகளில் மல்லிக்கு முதல் மருந்தாக மோனோகுரோட்டோபாஸ் இருக்கும். அது மனித உயிருக்குப் பெருங்கேடானது. கையேட்டில் இருக்கிறது என்பதற்காக யாரும் அதைத் தேடிப் போகவேண்டாம்.

பறிக்கும் கைகள்

மல்லிக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தை மருந்து அட்டவணைகள் சொல்வதில்லை. காய்கறியில் தெளித்துவிட்டு ஏழு நாளோ பத்து நாளோ பொறுத்துப் பறிக்கலாம். மல்லி மொட்டு இன்று பறிக்காவிட்டால் இன்று மாலை விரிந்துவிடும், அதற்குப் பிறகு விலையில்லை. ஆகவே மாலையில் தெளித்த தோட்டத்தில் மறுநாள் விடியுமுன் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு பெண்கள் பறிக்க இறங்குகிறார்கள். ஈர இலையில் மணிக்கணக்காக வெறுங்கை. அந்தப் பூ அன்றே தலையில் ஏறுகிறது, குழந்தையின் முகத்தருகே இருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. மல்லி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பூப்பதில்லை. ஒரு பூப்பு முடிந்து அடுத்த மொட்டு திரளும் இடைவெளி வரும். இரசாயன மருந்து தேவைப்பட்டால் அந்த இடைவெளியில், மொட்டு மிளகளவுக்கும் கீழே இருக்கும்போது தெளிக்கவேண்டும். பூச்சியைப் பிடிக்கவும் அதுவே சரியான பருவம், ஏனென்றால் மொட்டு ஈ முட்டையிடுவதும் மொட்டுப்புழு துளைக்கத் தொடங்குவதும் இளமொட்டில்தான். பூப்பு உச்சத்தில் வேப்பங்கொட்டைக் கரைசலும் கைப்பறிப்பும் மட்டும். தவிர்க்க முடியாமல் உச்சத்தில் தெளித்துவிட்டால், அடுத்துவரும் பறிப்புகளைச் சந்தைக்கு அனுப்பாமல் ஒதுக்கிவிடுவதே நேர்மை. தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் தெளிக்காமல் பாதி பாதியாகப் பிரித்தால் இழப்பு தாங்கும்படி இருக்கும். எந்தப் பாதியில் எப்போது தெளித்தது என்பதைப் பறிப்பவர்களிடம் சொல்லவேண்டும், அவர்களுக்குக் கையுறை தரவேண்டும்.

மழைக்காலமும் கவாத்தும்

ஐப்பசி மழையில் மொட்டுப் பூச்சிகளின் வேகம் தணிந்து, இலை நோய் தலைதூக்கும். இலையின் மேற்பரப்பில் செம்பழுப்பு வட்டங்கள் விழுந்து கிளை நுனி காய்வது செர்கோஸ்போரா இலைப்புள்ளி. மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், மழை விட்ட நாளில். இலைகளைப் பின்னிச் சல்லடையாக்கும் வலைப்புழுவும் அப்போது வரும். அதற்கு மருந்து தேடவேண்டாம், பின்னிய நுனிகளைக் கிள்ளி எடுத்தால் போதும். தண்ணீர் தேங்கும் பாத்திக்கு வடிகால் வெட்டுவதை மழைக்கு முன்பே முடித்திருக்கவேண்டும். தேங்கிய பாத்தியில்தான் வேரழுகல் வேகமாகப் பரவும்.

கார்த்திகையில் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுதல். இது பூவுக்கான வேலை என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஓராண்டின் பூச்சிநோய் நிர்வாகத்தில் பாதி இந்த ஒரு வாரத்தில் நடந்துவிடும். சில நாள் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டவேண்டும். உள்நோக்கி வளர்ந்த கிளை, காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கிளை மூன்றையும் அடியோடு நீக்கவேண்டும். செடியின் நடுவே வெயில் விழும்படி இருந்தால்தான் தெளிக்கிற எதுவும் உள்ளே போகும். தடித்த வெட்டுக்காயத்தில் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு கலக்கவேண்டும்; இரும்புப் பாத்திரம் கூடாது. வெட்டிய கழிவும் உதிர்ந்த சருகும் தோட்டத்தைவிட்டு வெளியேறவேண்டும்.

கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுஉரம். ஆண்டுக்குச் செடிக்குப் பரிந்துரை 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து. கடைச்சரக்காகச் சொன்னால் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதில் பாதி கவாத்துக்குப்பின், மீதி ஆனி ஆடியில். இலை வெளிறுகிறது என்று யூரியாவை மட்டும் கூட்டிப்போட்ட தோட்டங்களில் செடி கொழுத்துத் தழைத்து, மொட்டு குறைந்து, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்தாகிறது.

ஒரு தோட்டம் மட்டும் கவாத்து செய்தால் முழுப்பலன் வராது என்பதையும் சொல்லவேண்டும். மார்கழி விலைக்காகக் கவாத்தைத் தள்ளிப்போடும் தோட்டம் பக்கத்தில் இருந்தால், ஊரெங்கும் மொட்டில்லாத காலத்தைப் பூச்சி அங்கே தங்கிக் கடந்துவிடும். மாசியில் உங்கள் முதல் மொட்டுக்கு அங்கிருந்து வரும். தள்ளிப்போடுபவரைக் குறைசொல்ல முடியாது, அந்த விலைதான் அவருடைய ஆண்டு வருமானம். ஆனால் அவரும் உதிர்மொட்டைப் பொறுக்கி எடுத்தால் பக்கத்து வயல்களுக்குப் போகும் பூச்சி வெகுவாகக் குறையும். ஒரே வாய்க்காலில் பாயும் தோட்டங்கள் கவாத்தை ஒரு பதினைந்து நாளுக்குள் முடிப்பதென்று பேசிவைத்துக்கொள்வது எந்த மருந்தையும்விட மலிவான ஏற்பாடு.

கணக்கு

பத்து நாளுக்கு ஒருமுறை அதே நூறு மொட்டுச் சோதனையைச் செய்து ஒரு நோட்டில் துளை மொட்டு, பருத்த மொட்டு, நல்ல மொட்டு என்று மூன்று எண்ணை எழுதி வரவேண்டும். முதல் இரண்டு சோதனையில் எண் இறங்காவிட்டால் கலங்கவேண்டியதில்லை. தொடங்கும்போதே மண்ணிலிருந்த கூட்டுப்புழுக்கள் ஈயாகி எழுந்து தீர அத்தனை நாளாகும். பெரும்பாலோர் கைவிட்டு வேறு மருந்துக்கு ஓடுவது அந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான். நாற்பது நாள் கடந்தும் பருத்த மொட்டு மட்டும் குறையவில்லையென்றால் உள்ளே தேடுவதை நிறுத்திவிட்டு வெளியே தேடவேண்டும்: வரப்புச் செம்பருத்தி, பக்கத்துக் கத்தரி, பறிக்காமல் கிடக்கும் அண்டைத் தோட்டம். துளை மொட்டு மட்டும் குறையவில்லையென்றால் தெளிப்பு இளமொட்டுப் பருவத்தைத் தவறவிடுகிறது என்று பொருள்.

வேரழுகலில் செத்த செடிக்குப் பதில் நடுபவர்கள் அதே குழியில் உடனே வைக்கக்கூடாது. மண்ணை 30 செ.மீ. ஆழம் வாரி வெளியேற்றி, கோடை வெயிலில் குழியைத் திறந்து போட்டு, வெளிமண்ணும் தொழுஉரமும் கலந்து நிரப்பிய பிறகே நடவேண்டும். மதுரைக்கு நாற்று பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வேர்பிடித்த பதியன்களாகக் கட்டுக்கட்டாக வருகிறது. கட்டைப் பிரித்ததும் பத்து நாற்றின் வேரைத் தண்ணீரில் அலசிப் பார்க்கவேண்டும். ஒன்றில் முடிச்சு இருந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.